மாருதி 800 முதல் மாடலுக்கு எந்த வீல்: எட்டு ஸ்போக்கா, வலைப் பின்னலா, பழைய இரும்பு ரிம்மா?

குளச்சலில் இருந்து மணவாளக்குறிச்சி போகும் கடற்கரைச் சாலையில் சாயங்காலம் ஒரு மணி நேரம் காரை நிறுத்திவிட்டு, திரும்பி வந்து கண்ணாடியை விரலால் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும். அத்தனையும் உப்பு. பழைய காருக்கு அலாய் வீல் (உலோகக் கலவையில் செய்த வீல்) தேடுகிறவர்கள் படத்தைப் பார்த்து ஆசைப்படுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆசைப்பட்டேன். ஆனால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எந்த வீல் நிற்கும், எது நிற்காது என்பதை இந்த உப்புதான் முடிவு செய்கிறது.

என்னிடம் இருப்பது 1985 மாடல் மாருதி 800. 1983 டிசம்பரில் முதல் சாவி கொடுக்கப்பட்ட, ஜப்பானின் சுசுகி எஸ்.எஸ்.80 காரை வைத்துச் செய்த அந்த முதல் உருவம்தான். 796 சிசி, மூன்று சிலிண்டர், 12 அங்குல வீல். அப்பா வாங்கிய வண்டி. அந்தக் காலத்துக்குப் பொருந்துகிற மாதிரி வீல் போட வேண்டும் என்று முடிவு செய்தபோது மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, எட்டு ஸ்போக் (ஆரக்கால்) வைத்த அலாய், இங்கிலாந்தின் மினிலைட் அல்லது ஜப்பானின் வட்டனபே வீல்களின் பாணி. இரண்டு, எண்பதுகளில் பிரபலமான வலைப் பின்னல் அலாய். மூன்று, வண்டியோடு வந்த இரும்பு ரிம்மையே சுத்தம் செய்து பெயின்ட் அடித்து, வீல் கப் மாட்டுவது.

அதற்கு முன் அளவு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், பெரும்பாலானோர் பணத்தை இழப்பது இங்கேதான். 800-க்கு நான்கு போல்ட், பி.சி.டி. (போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 114.3 மி.மீ. நான்கு போல்ட் வண்டியில் இதை அளப்பது சுலபம். எதிரெதிராக இருக்கும் இரண்டு போல்ட்டுகளின் நடுவில் இருந்து நடுவுக்கு டேப்பை வைத்தால் போதும். பழைய பிரிட்டிஷ் மினிக்கு வரும் 12 அங்குல மினிலைட் வீல்கள் விற்பனைக்கு வரும்போது கை பரபரக்கும். வாங்கிவிடாதீர்கள். மினியின் பி.சி.டி. 101.6. உள்ளே ஏறவே ஏறாது. ஓட்டையைப் பெரிதாக்கித் தருகிறேன் என்று லேத் பட்டறையில் யாராவது சொன்னால், நான்கு பேர் உட்காரும் வண்டி இது என்பதை நினைத்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நடுவில் அடாப்டர் வைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. வீல் வெளியே தள்ளிக்கொண்டு வரும், பேரிங் மேல் சுமை கூடும்.

அடுத்த கேள்வி 12-லேயே இருப்பதா, 13-க்குப் போவதா. டயர் கடைகளில் 13 அங்குல அலாய் எளிதாகக் கிடைக்கும், 12 அங்குலத்துக்கு அலைய வேண்டும். அதனால் பலர் 13-க்குச் சாய்கிறார்கள். என் வண்டியில் ஓடுவது 145/70 ஆர்12, அதாவது அகலம் 145 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 12 அங்குலம். அதன் மொத்த விட்டம் சுமார் 508 மி.மீ. அதே 145/70-ஐ 13 அங்குலத்தில் போட்டால் 533 மி.மீ. ஐந்து சதவீதம் பெரிசு. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 63-இல் போவோம். அதைச் சமாளித்துக்கொள்ளலாம். ஆனால் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, பின்சீட்டில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு வேகத்தடையில் ஏறினால் மட்கார்டு உள்ளே டயர் உரசும் சத்தம் வருமா வராதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். 12-இல் இந்தக் கவலையே கிடையாது. பார்வைக்கும் அந்தச் சின்ன வண்டிக்கு 12-தான் அளவு. 13 போட்டதும் செருப்பு பெரிதாகிவிட்ட பிள்ளை மாதிரி நிற்கிறது.

சரி, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

எட்டு ஸ்போக் வடிவம் அறுபதுகளில் இங்கிலாந்தில் மினி ரேஸ் வண்டிகளுக்காக வந்தது. முதலில் அது மெக்னீசியம். ஜப்பானில் 1968-இல் தொடங்கிய வட்டனபே கம்பெனியும் எட்டு ஸ்போக்கைப் போட்டு, அங்கத்திய டட்சன், ஸ்கைலைன் வண்டிகளில் அதைப் பழக்கப்படுத்தியது. 800-இன் ரத்தம் ஜப்பானிய ரத்தம்தானே. அதனால் இந்த வடிவம் ஒட்டு மாதிரி தெரியாமல் வண்டியோடு சேர்ந்து போகிறது. இன்றைக்கு வரும் நகல்கள் பெரும்பாலும் அலுமினியம். பழைய மெக்னீசியம் அசல் எங்காவது கிடைத்தால் அதை வரவேற்பறையில் வையுங்கள். மெக்னீசியமும் கடற்காற்றும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தாது.

வலைப் பின்னல் ஜெர்மன் கைவண்ணம். 1970-இல் தொடங்கிய பி.பி.எஸ். கம்பெனியால் உலகம் முழுக்கப் பரவிய பாணி. 15, 16 அங்குலத்தில் அது அழகு, மறுப்பதற்கில்லை. 12 அங்குலத்தில் அத்தனை பின்னலையும் நெருக்கி வைத்தால் முறுக்குத் தட்டு போல ஆகிவிடுகிறது. அதைவிடப் பெரிய பிரச்சினை கழுவுவது. குலசேகரம், அருமனைப் பக்கம் மழையில் ஒருமுறை போய் வந்தால் செம்மண் ஒவ்வொரு சந்துக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த மண்ணோடு உப்பும் சேர்ந்து காய்ந்தால் பழைய டூத் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு ஒரு வீலுக்கு அரைமணி நேரம். எட்டு ஸ்போக்கில் கை முழுசாக உள்ளே போகும், ஒரு துணி போதும். நமக்கு ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்கும் உண்டு. வருஷத்தில் பாதி நாள் வீல் ஈரமாகவே இருக்கும் ஊர் இது. வலைப் பின்னலை நான் இந்தக் காரணத்துக்காகவே பட்டியலில் இருந்து எடுத்துவிட்டேன்.

இரும்பு ரிம்மை யாரும் மதிப்பதில்லை. ஆனால் குழியில் இறங்கி விளிம்பு வளைந்தால் இரும்பை அடித்து நிமிர்த்திவிடலாம். அலாய் விரிசல் விட்டுவிடும். துரு பிடித்தால் வெளியே தெரியும், சுரண்டி பவுடர் கோட்டிங் அடித்துக்கொள்ளலாம். அலாயில் அரிப்பு பெயின்டுக்கு அடியில் புழு மாதிரி நெளிந்துகொண்டே போகும், நாம் பார்க்கும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

நான் கடைசியில் எட்டு ஸ்போக்தான் வாங்கினேன். 12 அங்குலம், நாலரை அங்குல அகலம், உள்ளே ஜப்பானியத் தரமான ஜே.டபிள்யூ.எல். முத்திரை. மேலே பளபளப்பு வேண்டாம், வெள்ளிச் சாம்பல் நிறத்தில் பெயின்ட் அடித்ததுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். மெருகேற்றிய அலுமினியம் ஒரு மழைக்காலத்தைத் தாண்டினால் புள்ளி புள்ளியாக மங்கிவிடும்.

வாங்குவதற்கு முன் வீலை முகம் கீழே இருக்கும்படி ஒரு சாக்கில் படுக்க வைத்து, பின்பக்க விளிம்புகளின் குறுக்கே ஒரு நேரான சட்டத்தை வைத்தேன். வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும் என்று தெரிய, சட்டத்தில் இருந்து ஹப்பில் (வீலை மாட்டும் நடுப்பகுதி) உட்காரும் இடம் வரை எத்தனை மி.மீ. என்று அளந்து, என் இரும்பு ரிம்மோடு ஒப்பிட்டேன். ஐந்து மி.மீ.க்கு மேல் வேறுபட்டிருந்தால் வாங்கியிருக்க மாட்டேன். நடு ஓட்டை என் ஹப்பைவிடப் பெரிசாக இருந்தது. அதற்கு ஒரு வளையம் கடைந்து போட்டேன், இல்லாவிட்டால் 70-ஐத் தாண்டும்போது ஸ்டியரிங் நடுங்கியிருக்கும். ஒரே வீலில் எட்டு ஓட்டை போட்டு 100, 114.3 இரண்டுக்கும் பொருந்தும் என்று விற்கிறார்களே, அதை எடுக்கவில்லை. சின்ன வீலில் எட்டு ஓட்டை அசிங்கமாக இருக்கிறது, காலியான நான்கிலும் உப்புத் தண்ணீர் தேங்கும்.

இவ்வளவும் பார்த்தும் ஒரு இடத்தில் சறுக்கினேன். மாட்டிய கடையில் ஹப்பில் இருந்த பழைய துருவைத் தேய்க்காமல், துப்பாக்கி மாதிரி இருக்கும் மெஷின் ஸ்பேனரால் நட்டை முறுக்கி அனுப்பிவிட்டார்கள். நானும் கவனிக்கவில்லை. ஒரு மழைக்காலம் ஓடியது. அப்புறம் திங்கள்சந்தை அருகே முன் இடது டயர் பஞ்சர். டயர் கடைத் தம்பி நான்கு நட்டையும் கழற்றினான், வீல் அசையவில்லை. காலால் உதைத்தான், ரப்பர் சுத்தியலால் தட்டினான்.

"அண்ணே, இது ஹப்போட ஒட்டிப் போச்சு. இனி உதைச்சா ஸ்போக்கு போயிரும்."

பிறகு அவனே வழி சொன்னான். நட்டுகளை இரண்டு சுற்று தளர்வாகப் போட்டு, ஜாக்கியை இறக்கி, வண்டியை ஓரடி முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தான். மூன்றாவது அசைவில் 'டக்' என்று விட்டது. கழற்றிப் பார்த்தால் ஹப் தொடும் இடம் முழுக்க சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைத் தூள். இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்க, இடையில் உப்புத் தண்ணீர் புகுந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. அலுமினியம் கரைந்துகொண்டே போகும். அதே வெள்ளைத் தூள் டயர் உட்காரும் விளிம்பிலும் இருந்தது, வாரம் ஒருமுறை காற்று குறைந்த காரணமும் அன்றைக்குத்தான் புரிந்தது.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான்கையும் கழற்றுகிறேன். ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வீல் தொடும் முகத்தில் மட்டும் கிரீஸ் மெல்லிசாகத் தடவுகிறேன். போல்ட் மரையில் தடவுவதில்லை, நட் அளவுக்கு மீறி இறுகிவிடும். பேலன்ஸ் வெயிட்டை விளிம்பில் கொக்கி மாட்டாமல் உள்பக்கம் ஒட்டச் சொல்கிறேன், இரும்புக் கொக்கி பெயின்டைக் கீறி அங்கிருந்துதான் அரிப்பைத் தொடங்கி வைக்கும். மாட்டி ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் மறுபடி ஒரு பார்வை.

ஆகவே யாராவது என்னிடம் கேட்டால் முதலில் அவர்கள் வீடு எங்கே என்று கேட்பேன். தக்கலை, குலசேகரம், பூதப்பாண்டி என்றால் தயங்காமல் எட்டு ஸ்போக். முட்டம், குளச்சல், கன்னியாகுமரி என்று அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில், மூடிய ஷெட் இல்லாமல் நிறுத்துகிறவர் என்றால் இரும்பு ரிம்மும் வீல் கப்பும்தான். அது குறைச்சல் இல்லை, அந்த வண்டி ஷோரூமில் இருந்து வந்த முகம் அதுதான்.

அலாய் போடுகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. ஸ்டெப்னி இரும்பாகத்தான் இருக்கும். அலாயோடு வந்த நட் சில வீல்களில் கூம்பு முனை இல்லாமல் வாஷர் வைத்த நேரான உருளையாக இருக்கும், அதை இரும்பு ரிம்மில் போட்டால் உட்காராது. சுசுகி மரை 1.25 பிட்ச் (மரைக்கு மரை உள்ள இடைவெளி, மி.மீ.), டொயோட்டா, ஹோண்டாவின் 1.5 பிட்ச் நட்டைக் கடையில் கைக்கு வந்தபடி எடுத்துக் கொடுத்தால் போல்ட் கெட்டுவிடும். என் வண்டியின் பழைய நட் நான்கையும் எண்ணெய்த் துணியில் சுற்றி, ஜாக்கி பக்கத்தில் வைத்திருக்கிறேன்.