இணையம் இல்லாத கொம்பியூட்டரில் மென்பொருள் நிறுவுதல்: மூதூர்ப் பக்கத்து வாசிகசாலை ஒன்றில் அப்ட்-ஒஃப்லைன் பாவித்த அனுபவம்

மூதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் வாசிகசாலையில் இருக்கிற கொம்பியூட்டர்களைச் சில வருடங்களாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒன்றுக்கும் இணையம் கிடையாது. சிக்னல் இல்லாததால் அல்ல. ஒரு டொங்கிளைப் போட்டு எல்லாவற்றுக்கும் பகிர்ந்துவிட்டால் டேட்டா கரைகிற வேகத்துக்கு வாசிகசாலையின் சந்தாப் பணம் தாங்காது. வின்டோஸ் தானாக ஒரு அப்டேட்டை இறக்கத் தொடங்கினாலே அந்த மாதத்து டேட்டா அதோடு சரி. ஆகவே இணைப்பே வேண்டாம் என்று நிர்வாகக் குழு முடிவெடுத்தது. என் கருத்தும் அதுவாகத்தான் இருந்தது. பிள்ளைகள் அங்கே வருவது சாதாரண தர, உயர்தர ஐசிடி செய்முறைக்கும் தமிழில் தட்டச்சுப் பழகவும்தான். அதற்குத் தேவை மென்பொருள், இணையம் அல்ல.

அந்த மென்பொருளைத் திருகோணமலை டவுனிலிருந்து எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதுதான் கேள்வி. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பஸ்ஸில் போய்வருவது லேசாகிவிட்டது, உண்மைதான். ஆனாலும் ஒரு கோப்பு குறைந்தால் அதற்காகத் திரும்பவும் ஒரு நாளை ஒதுக்க வேண்டும். 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது ஒவ்வொரு பயணமும் எவ்வளவு பெறுமதியானது என்பது நன்றாகவே விளங்கியது. அதனால் எந்த வழி பயணத்தை மிச்சம் பிடிக்கிறதோ அதுவே எனக்கு நல்ல வழி. கடைசியில் வின்டோஸுக்குப் பதிலாகப் பாவிக்கக்கூடிய இலவச இயங்குதளமான டெபியன் லினக்ஸ், அதோடு இணையம் இல்லாமல் அதில் மென்பொருள் ஏற்ற உதவுகிற அப்ட்-ஒஃப்லைன் என்ற கருவி என்று நிலைத்துவிட்டோம். வின்டோஸ் ஒரு கொம்பியூட்டரில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

வின்டோஸிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பலரிடம் இருப்பது அதுதான். அங்கே சிக்கல் இன்ஸ்டோலரிலேயே ஆரம்பமாகிறது. குரோமின் முதல் பக்கத்தில் இறக்கினால் கிடைப்பது சின்னக் கோப்பு ஒன்று. ஓடவிட்டால் மீதியை நெட்டிலிருந்து இழுக்கப் பார்க்கும். ஃபயர்ஃபொக்ஸும் வழமையாகத் தருவது அப்படிப்பட்டதைத்தான். இரண்டுக்கும் முழு இன்ஸ்டோலர் தனியாக உண்டு, தேடி எடுக்க வேண்டும். ஃபயர்ஃபொக்ஸில் எல்லா மொழிகளும் உள்ள பக்கத்துக்குப் போனால் தமிழ் இடைமுகத்தோடேயே முழுக் கோப்பு கிடைக்கிறது. லிப்ரே ஒஃபிஸ் இந்த விஷயத்தில் தங்கம்: ஏறக்குறைய 350 எம்பியில் ஒரே கோப்பு, உதவிப் பக்கங்களுக்கு இன்னொரு சின்னக் கோப்பு, வேலை முடிந்தது. விஎல்சி, 7-சிப் இரண்டிலும் ஒரு தொல்லையும் இல்லை.

இன்ஸ்டோலர் முழுதாக இருந்தும் நிரல் திறக்க மறுக்கிற நேரங்கள்தான் ஆளைக் களைக்கப் பண்ணும். விசிரன்டைம்140 என்ற டிஎல்எல் கோப்பைக் காணவில்லை என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். அதற்கு மைக்ரோசொஃப்டின் விஷுவல் சி++ ரன்டைம் வேண்டும். 32 பிட்டுக்கு ஒன்று, 64 பிட்டுக்கு ஒன்று, இரண்டும் எப்போதும் பென் டிரைவில் இருக்கட்டும். பழைய கணக்கு மென்பொருள்கள் மைக்ரோசொஃப்டின் டொட்நெட் 3.5 என்ற துணை மென்பொருளைக் கேட்கும். வின்டோஸ் 10இல் அதை இயக்கச் சொன்னால் நெட்டில் அப்டேட் சேர்வரைத் தேடிப் போய்த் தோற்றுத் திரும்பும். ஆனால் அந்தக் கோப்புகள் வின்டோஸ் டிவிடியிலேயே, சோர்சஸ் என்ற ஃபோல்டருக்குள் எஸ்எக்ஸ்எஸ் என்ற இடத்தில் இருக்கின்றன. வின்டோஸின் டிஸ்ம் என்ற கட்டளைக்கு அந்த இடத்தைக் காட்டி, லிமிட்அக்செஸ் என்பதையும் சேர்த்துக் கொடுத்தால் நெட் பக்கமே போகாமல் நிறுவிவிடும். டிவிடியில் உள்ள வின்டோஸ் பதிப்பும் கொம்பியூட்டரில் உள்ளதும் ஒன்றாக இருப்பது முக்கியம்.

இவ்வளவும் தெரிந்தால் வின்டோஸை ஓட்டலாம். ஆனால் வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. வின்டோஸ் 11ஓ முதல்முறை அமைக்கும்போதே நெட் எங்கே என்று கேட்கிறது. எங்கள் கொம்பியூட்டர்களில் அநேகமானவை 11ஐ ஏற்கவும் மாட்டா. இணையம் இல்லாத ஒரு இடத்தை அந்த நிறுவனம் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

இனி டெபியன். முதல் டிவிடியின் பிம்பம் (முழு டிவிடியையும் அடக்கிய ஒரே கோப்பு) 4 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. டெஸ்க்டொப், லிப்ரே ஒஃபிஸ், ஃபயர்ஃபொக்ஸ் எல்லாம் அந்த ஒன்றிலிருந்தே ஏறிவிடும். 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து சாதனங்கள் இயங்கத் தேவையான ஃபேர்ம்வெயர் என்ற சிறு மென்பொருளும் அதற்குள்ளேயே இருக்கிறது. முன்பு அதைத் தனியாகத் தேடிக் கொடுக்க வேண்டியிருந்தது. இறக்கிய பிம்பத்தின் எஸ்எச்ஏ256 குறியை (கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று காட்டுகிற குறி) டெபியன் தருவதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பென் டிரைவுக்கு எழுத வேண்டும். இதை மட்டும் ஒருபோதும் விட்டுவிட வேண்டாம். வீட்டில் ஐந்து நிமிட வேலை. அங்கே போய்ப் பாதியில் நின்றால் ஒரு நாள்.

டிவிடியில் இல்லாத மென்பொருள் தேவைப்படும்போதுதான் உண்மையான விஷயம் வருகிறது. ஒரு நிரல் தனியாக வருவதில்லை, அதற்கு வேண்டிய துணைப் பொதிகளும் (டெபியனில் மென்பொருள் வருகிற கோப்புகளைப் பொதி என்பார்கள்) சேர்ந்து வர வேண்டும். அவற்றில் எது ஏற்கனவே இருக்கிறது, எது இல்லை என்பது அந்தக் கொம்பியூட்டருக்கு மட்டும்தான் தெரியும். திருகோணமலை உவர்மலையில் என் வீட்டில் இருந்துகொண்டு நான் ஊகித்து இறக்குவதில் அர்த்தமே இல்லை. அப்ட்-ஒஃப்லைன் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. அம்மா துண்டில் சாமான் எழுதிக் கடைக்கு அனுப்புகிற மாதிரி, இணையம் இல்லாத கொம்பியூட்டரே தனக்கு வேண்டியதை எழுதித் தருகிறது.

வேலை மூன்று கட்டளைகளில் முடிகிறது. வாசிகசாலையில் ‘செட்’ கொடுத்தால் அந்தத் துண்டு, அதாவது கையொப்பக் கோப்பு என்கிற பட்டியல், உருவாகும். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து ‘கெட்’ கொடுத்தால் தேவையான எல்லாவற்றையும் இறக்கி ஒரே சிப் (zip) கோப்பாகக் கட்டித் தரும். வீட்டுக் கொம்பியூட்டரில் வின்டோஸ் இருந்தாலும் பரவாயில்லை, பைத்தான் இருந்தால் போதும். திரும்பப் போய் ‘இன்ஸ்டோல்’ கொடுத்தால் பொதிகள் அவற்றுக்குரிய இடத்தில் போய் உட்கார்ந்துவிடும்; பிறகு டெபியனில் மென்பொருள் நிறுவுகிற அப்ட் கட்டளையால் வழமை போல நிறுவலாம்.

அந்தக் கையொப்பக் கோப்பைத் திறந்து பார்க்க எனக்கு மிகவும் பிடிக்கும். சாதாரண எழுத்துக் கோப்புத்தான். ஒரு வரிக்கு ஒரு பொதி: முதலில் அதன் இணைய முகவரி, அடுத்து கோப்பின் பெயர், பைட்டுகளில் அளவு, கடைசியில் சரிபார்ப்புக் குறி. அளவுகளைக் கூட்டினால் எவ்வளவு டேட்டா போகும் என்பது இறக்கத் தொடங்க முன்பே தெரிந்துவிடும். அதைப் பார்த்துத்தான் பகலில் இறக்குவதா, நள்ளிரவுக்குப் பிறகு கிடைக்கிற தனி டேட்டாவுக்கு விடுவதா என்று முடிவெடுக்கிறேன். எனக்குத் தெரிய, வின்டோஸில் இவ்வளவு வெளிப்படையான ஒன்று கிடையாது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். டிவிடியிலிருந்து, நெட் இல்லாமல் நிறுவிய டெபியனில் பொதி மூலங்களின் பட்டியலில் டிவிடி மட்டும்தான் இருக்கும். அந்த நிலையில் கையொப்பம் எடுத்தால் இறக்குவதற்கு ஒரு முகவரியும் அதில் இராது. நெட்டே இல்லாவிட்டாலும் டெபியனின் இணையக் களஞ்சிய (பொதிகள் எல்லாம் இருக்கிற தளம்) முகவரியைப் பட்டியலில் எழுதி வைக்க வேண்டும். அப்ட்-ஒஃப்லைனும் முதலில் அங்கே இருக்க வேண்டுமே. அதன் டெப் கோப்பு மிகச் சிறியது, பென் டிரைவில் கொண்டுபோய் டிபிகேஜி என்ற கட்டளையால் ஏற்றலாம்.

குறை இல்லாமல் இல்லை. பெரிய குறை, முதல்முறை இரண்டு சுற்று தேவைப்படுவது. பொதிப் பட்டியல் பழையதாக இருந்தால் கையொப்பத்தில் பழைய பதிப்பின் முகவரிதான் எழுதப்படும். களஞ்சியத்தில் அது மாறியிருந்தால் இறக்க முடியாது. ஆகவே முதல் சுற்றில் பட்டியலைப் புதுப்பித்து, அதன் பிறகே மென்பொருளுக்கான கையொப்பம் எடுக்க வேண்டும். டெபியனின் நிலையான பதிப்பில் பொதிகள் அடிக்கடி மாறுவதில்லை. பாதுகாப்புத் திருத்தமும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போல வருகிற சிறு வெளியீடும்தான். அதனால் இந்தத் தொல்லை தாங்கக்கூடியது. அடிக்கடி மாறுகிற வேறு லினக்ஸ்களை இப்படியான இடத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மற்றது, ஒவ்வொரு கொம்பியூட்டரும் ஒவ்வொரு நிலையில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித் தனிக் கையொப்பம் வேண்டும். நாங்கள் ஒன்றை ஒழுங்காக அமைத்து, டிஸ்க்கை முழுதாகப் பிரதி எடுக்கிற குளோன்சில்லா என்ற கருவியால் மற்றவற்றுக்கும் அப்படியே பிரதி எடுத்தோம். எல்லாம் ஒரே நிலையில் இருப்பதால் இப்போது ஒரு கையொப்பமும் ஒரு சிப்பும் போதும். யாராவது ஒன்றில் மட்டும் தனியாக எதையாவது போடக்கூடாது என்பதில் கண்டிப்பாக இருக்கிறோம்.

யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வருகிற பிரச்சினை நேரம். ஒரு காலை வாசிகசாலையைப் பார்த்துக்கொள்கிற அக்கா ஃபோன் எடுத்தார்: “தம்பி, நீங்க தந்த ஃபைலைப் போட்டா எடுக்கமாட்டன் எண்டு நிக்குது. மூலையில திகதியும் பழசாக் காட்டுது.” மதர்போர்ட்டில் இருக்கிற சிஆர்2032 பட்டறி செத்துவிட்டால், மின்சாரம் போய் வரும்போது கடிகாரம் பல வருடம் பின்னுக்குப் போய்விடும். நெட் உள்ள கொம்பியூட்டர் தானாகவே நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். இங்கே அதற்கு வழியில்லை. டெபியனின் பொதிப் பட்டியல்களில் திகதியோடு டிஜிட்டல் கையொப்பம் இருக்கும் (மேலே சொன்ன கையொப்பக் கோப்பு வேறு). எதிர்காலத்தில் போட்ட கையொப்பம் போலத் தெரிந்தால் செல்லுபடியாகாது என்று மறுப்பதுதான் முறை. திகதியை அக்கா கையால் மாற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டது. இப்போது பட்டறிகளை முன்கூட்டியே மாற்றி வைக்கிறோம். நிறுவுதல் காரணமே இல்லாமல் தோற்றால் முதலில் மூலையில் திகதியைப் பாருங்கள்.

கடற்கரைப் பக்கம் என்பதால் உப்புக் காற்றும் தன் பங்குக்கு வேலை காட்டும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் புழுதியும் சேர்ந்துவிடும். யுஎஸ்பி வாயில்களின் தகடுகள் மங்கி, பாதிக் கோப்பு ஏறியதும் பென் டிரைவ் காணாமல் போகும். ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் துடைத்தால் பெரும்பாலும் சரிவரும். பென் டிரைவ் வாங்கும்போதும் கவனம் வேண்டும்: 64 ஜிபி என்று வெளியில் அச்சிட்டு உள்ளே அதில் ஒரு பங்குகூட இல்லாதவை சந்தையில் உலாவுகின்றன. எழுதும்போது ஒன்றும் சொல்லாது, வாசிக்கும்போதுதான் கோப்பு உடைந்திருக்கும். எஃப்3 என்ற இலவசக் கருவி முழுக் கொள்ளளவையும் எழுதி வாசித்துச் சோதித்துவிடும். புதிதாக வாங்குகிற எதையும் அதில் ஓட்டாமல் நான் வாசிகசாலைக்குக் கொண்டுபோவதில்லை.

உயர்தரப் பிள்ளைகளுக்குப் பைத்தான் தேவை. டெபியன் 12இல் பைத்தான் 3.11 இருக்கிறது, அது தாராளமாகப் போதும். வரைபுகள் வரைகிற மட்பிளொட்லிப் போன்ற நூலகங்களைப் பைத்தானின் நிறுவு கருவியான பிப் வழியாகவும் கொண்டுபோகலாம். வீட்டில் ‘டவுன்லோட்’ கொடுத்து, அங்கே களஞ்சியம் பார்க்காமல் அந்த ஃபோல்டரிலிருந்து நிறுவச் சொல்ல வேண்டும். ஆனால் பைத்தான் பதிப்பும் இயங்குதளமும் இரு பக்கமும் பொருந்த வேண்டும். டெபியனின் சொந்தப் பொதியாகவே அவை இருக்கும்போது அப்ட்-ஒஃப்லைனில் எடுப்பதுதான் சுகம்.

தமிழ்த் தட்டச்சைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, எனக்கு இதில் மிகுந்த சந்தோஷம். தட்டச்சு முறைகளைத் தருகிற ஐபஸ்ஸும் எம்17என் பொதிகளும் ஏற்றினால் தமிழ்99உம், இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகையும் அப்படியே கிடைக்கின்றன. பாமினி எழுத்துருவில் பழகிய கைகளுக்கு ரெங்கநாதன் சீக்கிரம் வசப்படுகிறது. கந்தோர்களுக்கு யுனிகோடில் கடிதம் எழுதித் தரக் கேட்டு ஊர்ப் பெரியவர்களும் இப்போது வருகிறார்கள். அந்தப் பொதிகள் சில எம்பிதான். இணையம் இல்லாமல் விக்கிப்பீடியா வாசிக்க உதவுகிற கிவிக்ஸும் தமிழ் விக்கிப்பீடியாவும் ஏற்றியிருக்கிறோம். ஒப்படைக்குப் பிள்ளைகள் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

இப்போது முன்னால் இருக்கிற வேலை டெபியன் 13. 2025 ஓகஸ்ட் 9இல் வெளிவந்தது. பதிப்பு விட்டுப் பதிப்பு உயர்த்துவதை அப்ட்-ஒஃப்லைனாலும் செய்யலாம், ஆனால் அவ்வளவு பெரிய சிப்பைச் சுமப்பதைவிட டிவிடியிலிருந்து ஒன்றைப் புதிதாக நிறுவிக் குளோன் எடுப்பது சுருக்கம். 64 பிட் கொம்பியூட்டர்களை அப்படித்தான் மாற்றப்போகிறோம். 32 பிட் மட்டும் ஓடுகிற பழசுகளுக்கு 13இல் இன்ஸ்டோலரும் இல்லை, இயங்குதளத்தின் மையமான கெர்னலும் இல்லை. அவை 12இலேயே இருக்கும். தட்டச்சுக்கும் கிவிக்ஸுக்கும் அது போதும். 12ஆம் பதிப்பின் டிவிடி பிம்பத்தையும் இதுவரை கட்டிய சிப் கோப்புகளையும் அவற்றுக்கென்றே ஒரு தனி ஹார்ட் டிஸ்கில் எடுத்து வாசிகசாலை அலுமாரியில் வைத்துவிட்டோம்.