பழைய கம்பெனியா, ஊர் அமைப்பா?
கலிஃபோர்னியாவில் ஒரு நகரம் பி.ஜி. அண்டு இ. என்ற பழைய தனியார் மின்சார நிறுவனத்திலேயே தொடரலாம், அல்லது 2002இல் வந்த சட்டப்படி, உள்ளாட்சிகள் சேர்ந்து மின்சாரம் வாங்கும் அமைப்பில் இணையலாம். 2010இல் தொடங்கிய மரின் கிளீன் எனர்ஜிதான் அங்கே முதலாவது.

கம்பமும் கம்பியும் இரண்டிலும் பழைய கம்பெனிதான். நள்ளிரவில் கரண்ட் போனால் அதே எண்ணுக்குத்தான் போன் செய்ய வேண்டும். பில்லும் அங்கிருந்தே வரும்; உற்பத்திக் கட்டணம் மட்டும் ஊர் அமைப்பின் பெயரில் இருக்கும்.

பழையதிலேயே இருந்தால் புதிய தலைவலி இல்லை. ஆனால் எந்த மின்சாரத்தை வாங்குவது என்பதில் ஊருக்கு நேரடிக் குரல் கிடையாது. ஊர் அமைப்பின் குழுவில் நாம் தேர்ந்தெடுத்தவர்களே உட்காருகிறார்கள். கூட்டத்துக்குப் போய் முகத்துக்கு நேரே கேள்வி கேட்கலாம். சூரிய, காற்று மின்சாரத்தின் பங்கைக் கூட்டச் சொல்லலாம்.

சரி, விலை? இங்கேதான் கவனம் வேண்டும். உற்பத்திக் கட்டணம் குறைந்தாலும், பி.சி.ஐ.ஏ. என்றொரு கட்டணம் கூடவே வரும். பழைய கம்பெனி நமக்காக முன்பே போட்ட ஒப்பந்தங்களின் சுமை அது. அது ஏறும் வருஷத்தில் மிச்சம் கரைந்துவிடும். இரண்டையும் கூட்டிக் காட்டாமல் நகரமன்றம் 'விலை குறைவு' என்று சொல்லவே கூடாது.

இருந்தும் சேரலாம் என்பேன். நகரம் சேர்ந்தால் வீடுகள் தானாகவே சேர்க்கப்படும். பிடிக்காதவர்கள் முதல் 60 நாளுக்குள் கட்டணமின்றி விலகிக்கொள்ளலாம்.