ஸ்கார் இடப்பெயர்த் தொகுப்பு: முனைகளைத் தேடுபவர்களுக்கு எவ்வளவு உதவும்?

அண்டார்க்டிகாவில் ஒரு முனையின் (கடலுக்குள் நீண்டிருக்கும் நிலப்பகுதியின்) பெயரையும் இருப்பிடத்தையும் சரிபார்க்க, அண்டார்க்டிக் ஆய்வுக்கான அறிவியல் குழுவின் (ஸ்கார்) இடப்பெயர்த் தொகுப்பைவிட நல்ல தொடக்கப்புள்ளி இல்லை. அங்கே பெயர் வைக்கும் பொது அதிகாரம் எவரிடமும் கிடையாது. நாடுகள் தனித்தனியே வைக்கின்றன. பிரிட்டனுக்கு கிங் ஜார்ஜ் தீவு, அர்ஜென்டினாவுக்கு 25 டி மாயோ, ரஷ்யாவுக்கு வாட்டர்லூ: மூன்றும் ஒரே தீவுதான். 1992-இல் தொடங்கிய இந்தத் தொகுப்பு அவற்றை ஒன்றாக இணைத்துக் காட்டுகிறது. இணையத்தில் இலவசம். ஆஸ்திரேலிய அண்டார்க்டிக் தரவு மையம் பராமரிக்கிறது.

எலிஃபன்ட் தீவின் பாயின்ட் வைல்டை எடுத்துக்கொள்வோம். 1916-இல் துருவப் பயணி ஷாக்கில்டனின் ஆட்கள் 22 பேர், மீட்புக் கப்பல் வரும் ஆகஸ்ட் 30 வரை காத்திருந்த இடம். தலைமை தாங்கிய ஃபிராங்க் வைல்டின் பெயர் அதற்கு நிலைத்தது. அந்தப் பயணக் குழுவினர் அதைக் ‘கேப் வைல்ட்’ என்றே அழைத்தார்கள். பழைய குறிப்பைப் பார்த்து அதே பெயரில் தேடினால் ஏமாந்துபோவீர்கள். அதே வைல்டின் பெயரில் கிழக்கு அண்டார்க்டிகாவின் ஜார்ஜ் V லாந்தில், ஏறத்தாழ 149° கிழக்கில், இன்னொரு கேப் வைல்ட் இருக்கிறது. அதனால் பெயர் பொருந்தியதும் நின்றுவிடாதீர்கள். விவரக் குறிப்பைத் திறந்து, “வாலன்டைன் முனைக்கு 11 கிலோமீட்டர் மேற்கே, தீவின் வடகரையில்” என்ற பொருளில் வருகிறதா என்று பாருங்கள். பிறகு இட எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்துக்கு நாடுகள் தந்த பெயர்களையெல்லாம் கட்டிவைப்பது அந்த எண்தான்.

ஆயத்தொலைவில்தான் (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில்தான்) பலரும் சறுக்குகிறார்கள். இந்த முனை 61°06′ தெற்கு, 54°52′ மேற்கு. பதின்ம வடிவில் −61.10, −54.87. நிமிடத்தை 60-ஆல் வகுக்காமல் −61.06, −54.52 என்று எழுதினால், புள்ளி தீவின் கிழக்கு முனையான வாலன்டைனையும் தாண்டிக் கடலில் விழும். அட்சரேகையின் கழித்தல் குறியை விட்டால் கிரீன்லாந்துக்கு மேற்கே லாப்ரடார் கடலுக்கே போய்விடும்.

சரியாக மாற்றினாலும் ஒரு குறை மிஞ்சும். முழு நிமிடத்துக்கு முழுமையாக்கிய அட்சரேகையில் அரை நிமிடம், அதாவது 0.9 கிலோமீட்டர் வரை பிசகலாம். தீர்க்கரேகையில் இந்தப் பகுதியில் அதில் பாதி. பெரிய விரிகுடாவுக்கு இது பொருட்டில்லை. பாயின்ட் வைல்டு போன்ற ஒடுங்கிய பாறை நாக்குக்கோ பெரிய விஷயம். நாடுகள் வெவ்வேறு காலத்து வரைபடங்களிலிருந்து அளந்து அனுப்பியதால் ஒரே முனைக்கு இரண்டு மூன்று புள்ளிகளும் வரும். அவற்றின் சராசரியை எடுக்காதீர்கள், அது யாரும் அளக்காத இடம். அண்மையில் அளந்த நாட்டின் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்துப் பாருங்கள். நிறைய முனைகளைச் சரிபார்க்க வேண்டுமானால், சிஎஸ்வி கோப்பாக (விரிதாளில் திறக்கக்கூடிய அட்டவணையாக) இறக்கி இட எண்படி வரிசைப்படுத்துவது தேடல் பெட்டியில் ஒவ்வொன்றாகத் தட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

தொகுப்பின் எல்லை 60° தெற்கு. 1739 ஜனவரி 1 அன்று பிரெஞ்சு மாலுமி பூவே கண்ட, பூவே தீவின் சர்கம்சிசியோன் முனை 54° தெற்கில், அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. அந்தத் தீவு நார்வேயுடையது என்பதால், அதற்கு நார்வே துருவ நிறுவனத்தின் இடப்பெயர்ப் பட்டியலைப் பாருங்கள்.