டேட்டாபேஸ் சர்வர் நின்றுபோனால் ‘ரெக்கவரி’ என்று வருபவர்களிடம் கவனம்

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் ஓடும் சர்வர் நின்றுபோய், சரிபார்க்க ஆளைக் கூப்பிடுகிறீர்கள். வந்தவர் லாக் ஃபைலை (சர்வர் தன் பிழைகளைக் குறித்து வைக்கும் ஃபைல்) திறந்து உங்களுக்குக் காட்டாமல், டேட்டா போல்டரை நகல் எடுக்காமல் நேராகக் கமாண்ட் அடிக்க ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். எங்கள் கடையில் அப்படி நிறுத்த யாரும் இல்லாததால் ஒரு நாள் விற்பனைக் கணக்கு சிதைந்தது. அதற்கு 40,000 ரூபாய் பில்லும் வந்தது.

நான் வேலை பார்ப்பது மருந்து மொத்த விற்பனைக் கடை. பில்லிங், ஸ்டாக், பேட்ச் நம்பர், காலாவதித் தேதி எல்லாம் ஒரே உபுண்டு சர்வரில் இருக்கும் போஸ்ட்கிரெஸில்தான். அதைப் பராமரிக்க ஒரு நிறுவனத்துக்கு ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) கொடுத்திருக்கிறோம். பெயர் சொல்லப் போவதில்லை, வக்கீல் மூலம் விஷயம் போய்க்கொண்டிருக்கிறது.

மதியம் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே எல்லாக் கவுண்டரிலும் இணைப்பு அறுந்தது. சர்வரை மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஏறவில்லை. அவர்களுடைய ஆள் வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “டேட்டா கரப்ட் ஆயிடுச்சு சார், ரெக்கவரி பண்ணணும். இது ஏ.எம்.சி.ல வராது, தனி சார்ஜ்” என்றார். கடை வாசலில் டெலிவரி வண்டி நிற்கிறது, மருத்துவமனையிலிருந்து போன் மேல் போன். முதலாளி சரி என்று சொல்லிவிட்டார். மாலைக்குள் சர்வர் ஏறியது, பில் வந்தது, பணமும் கொடுத்தாயிற்று.

பிரச்சினை தலைகாட்டியது அதற்கப்புறம்தான். அன்று காலையில் போட்ட சில பில்கள் கணினியில் இல்லை, ஆனால் வாடிக்கையாளர் கையில் பிரிண்ட் இருக்கிறது. ஒரே பில் நம்பரில் இரண்டு வரிகள். ஒரே எண் இரண்டு முறை வரக் கூடாது (யூனிக்) என்று போட்டு வைத்த நெடுவரிசையில் அப்படி நடக்கவே கூடாது. சில மருந்துகளின் ஸ்டாக் மைனஸில் போனது. சாதாரணச் சரக்கு என்றால் ஒரு தடவை எண்ணி நேர் செய்துவிடலாம். மருந்தில் எந்த பேட்ச் யாருக்குப் போனது என்று தெரியாவிட்டால், நாளைக்கு ஒரு பேட்சைத் திரும்பப் பெறச் சொல்லும்போது எங்கே போய்த் தேடுவது? 11ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1 என்ற விற்பனைக் கணக்கு வேறு போட வேண்டும்.

சென்னையில் டேட்டாபேஸ் வேலையிலேயே இருக்கும் நண்பரைக் கூப்பிட்டேன். அவர் முதலில் கேட்டது அந்த நாளின் லாக். /வார்/லாக்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல் போல்டரில் அப்படியே இருந்தது. அடுத்து ரூட் என்ற சர்வர் நிர்வாகி லாகினில் அடித்த கமாண்டுகளின் ஹிஸ்டரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது நடந்தது முழுவதும் தெரிந்தது.

லாக்கில் முதல் பிழை, பிஜி_வால் போல்டரில் எழுத டிஸ்கில் இடமில்லை என்பது. அவ்வளவுதான். கரப்ஷன் என்று அந்த இடம் வரை ஒரு வரிகூட இல்லை. போஸ்ட்கிரெஸ் எந்த மாற்றத்தையும் முதலில் இந்த வால் ஃபைல்களில் எழுதிவிட்டு, அப்புறம்தான் நிதானமாக டேபிள்களில் சேர்க்கும். இடமில்லாமல் நின்றுபோனாலும், இடம் கிடைத்து மறுபடி ஏறும்போது அந்த ஃபைல்களைப் படித்து விட்ட இடத்திலிருந்து தானே நேர் செய்துகொள்ளும். வேறு தேவையில்லாத ஃபைல்களை அகற்றியோ, டிஸ்கைப் பெரிதாக்கியோ கொஞ்சம் இடம் கொடுத்திருந்தால் போதும். கமிட் ஆன (சேமித்து முடித்த) ஒரு பில்கூடப் போயிருக்காது.

வந்தவர் செய்தது என்ன தெரியுமா? பிஜி_வால் போல்டரில் இருந்த ஃபைல்களை ஆர்.எம். என்ற அழிக்கும் கமாண்ட் போட்டு அழித்திருக்கிறார். சர்வரை ஏற்றிப் பார்த்தால், சரியான செக்பாயின்ட் பதிவு (எங்கிருந்து படித்து நேர் செய்ய வேண்டும் என்ற குறிப்பு) கிடைக்கவில்லை என்று நின்றிருக்கிறது. நிற்காமல் என்ன செய்யும், படிக்க வேண்டியதை அழித்தாயிற்றே. அடுத்து, வால் ஃபைல்களைத் தூக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்க வைக்கும் பிஜி_ரீசெட்வால் என்ற கருவி. சர்வர் ஒழுங்காக மூடப்படவில்லை, இதை ஓட்டினால் டேட்டா இழப்பு வரலாம் என்று அந்தக் கருவியே எச்சரித்து மறுத்துவிடும். அதையும் மீறி, கட்டாயமாகச் செய் என்று சொல்லும் மைனஸ் எஃப் போட்டு ஓட்டியிருக்கிறார். ஹிஸ்டரியில் அந்த வரி இருக்கிறது. இதற்குத்தான் ‘டேட்டா ரெக்கவரி’ என்று பில்.

பிஜி_ரீசெட்வால் வேறு வழியே இல்லாதபோது எடுக்கும் கடைசி ஆயுதம். ஓட்டிய பிறகு டேட்டா முன்னுக்குப் பின் முரணாக இருக்கலாம், உடனே எல்லாவற்றையும் டம்ப் (டேட்டாவின் முழு நகல்) எடுத்து, புதிதாக ஒரு கிளஸ்டர் (போஸ்ட்கிரெஸின் காலியான டேட்டா போல்டர்) உருவாக்கி, அதில் ஏற்றிச் சரிபார்க்க வேண்டும் என்று போஸ்ட்கிரெஸ் கையேடே சொல்கிறது. எங்களிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்கச் சிதைந்த டேபிள்கள் மேலேயே பில் போட்டிருக்கிறோம். அவர் அழித்த பிஜி_வால் போல்டர் முன்பு பிஜி_எக்ஸ்லாக் என்ற பெயரில் இருந்தது. சாதாரண லாக் என்று நினைத்து ஆட்கள் அழித்துவிடுகிறார்கள் என்பதால் 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் பெயரை மாற்றினார்கள். அதற்கப்புறமும் காசு வாங்கிக்கொண்டு ஒருவர் அழிக்கிறார்.

இன்னொன்றும் நண்பர் கண்டுபிடித்தார், எனக்கு ஆத்திரம் வந்தது அங்கேதான். டிஸ்க் ஏன் நிறைந்தது? முன்பு இதே நிறுவனம் ரெப்ளிகா என்று, மெயின் சர்வரின் டேட்டாவை அப்படியே நகலாக வைத்திருக்கும் இன்னொரு கணினியை இணைத்திருந்தது. அது சரிவரவில்லை என்று கழற்றிக்கொண்டு போனார்கள். ஆனால் மெயின் சர்வரில் அதற்காகப் போட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட்டை நீக்கவில்லை. ஸ்லாட் இருக்கும்வரை, அந்த ரெப்ளிகா என்றாவது வந்து கேட்கும் என்று போஸ்ட்கிரெஸ் வால் ஃபைல்களை அழிக்காமல் சேர்த்துக்கொண்டே போகும். ஒவ்வொன்றும் 16 எம்.பி. இதற்கு உச்சவரம்பு வைக்கும் வசதி 13ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது, ஆனால் நாமாக வைக்காவிட்டால் வரம்பே கிடையாது. ஃபைல்களை அழித்த பிறகும் ஸ்லாட் அங்கேயேதான் இருந்தது. இன்னும் சில மாதத்தில் மறுபடி நிறைந்து நின்றிருக்கும், மறுபடி ஒரு பில் வந்திருக்கும்.

போன் செய்து கேட்டபோது, “சர்வர் ஓடுதுல்ல சார், அப்புறம் என்ன?” என்று பதில். லாக் வரிகளை அனுப்பினோம். பதிலே இல்லை.

சர்வர் நின்ற நாளுக்கு முந்தின இரவு பிஜி_டம்ப் கருவியில் எடுத்த நகல் வேறு கணினியில் பத்திரமாக இருந்ததால் தப்பித்தோம். அதைப் புதிய கிளஸ்டரில் ஏற்றி, அன்றைய பில்களைக் காகித நகலிலிருந்து மறுபடி அடித்து, பிந்தைய நாட்களின் பில்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுச் சேர்த்தோம். கவுண்டர் பையன்கள் ராத்திரி வரை உட்கார்ந்து செய்தார்கள். அவர்களுக்கு இந்தத் தண்டனை தேவையே இல்லை.

உங்கள் கடையில் போஸ்ட்கிரெஸ் ஓடுகிறது என்றால், இன்றைக்கே டி.எஃப். மைனஸ் எச் என்ற கமாண்ட் போட்டு டிஸ்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள். பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ் என்ற பட்டியலில் (வியூ), ஆக்டிவ் என்ற நெடுவரிசையில் எஃப் (யாரும் பயன்படுத்தவில்லை) என்று ஏதாவது வரி நிற்கிறதா பாருங்கள். நின்றால், அதைப் போட்டது யார், இன்னும் தேவையா என்று பராமரிப்பவரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். யாராவது ரெக்கவரி செய்ய வந்தால், சர்வரை நிறுத்திய நிலையில் டேட்டா போல்டர் முழுவதையும் வேறு டிஸ்கில் நகல் எடுத்த பிறகுதான் கை வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். லாக்கில் முதலில் வந்த பிழை எது என்று காட்டச் சொல்லுங்கள், கடைசியாக வந்ததை அல்ல. என்ன கமாண்ட் ஓட்டப் போகிறார் என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். அவசரத்தில் இதற்கெல்லாம் நேரம் இல்லை என்று அவர் சொன்னால், வேறு ஆளைக் கூப்பிடுங்கள்.