குளிர்காலப் புகைமூட்டமும் ஏர் பியூரிஃபையரும்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் படுக்கையறையில் ஏர் பியூரிஃபையர் ஓடத் தொடங்கிச் சில குளிர்காலங்கள் கடந்துவிட்டன. ஆஸ்துமா உள்ள அம்மாவுக்காக வாங்கியது. வாங்கலாமா என்று கேட்பவர்களிடம், தாராளமாக வாங்குங்கள், ஆனால் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் சதவீதத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள் என்றே சொல்வேன். எச்13 தர ஹெப்பா வடிகட்டி, பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவுள்ள நுண்துகள்களில்கூட 99.95 சதவீதத்தைத் தடுத்துவிடும் என்பது உண்மைதான். ஆயினும் அந்தக் கணக்கு வடிகட்டிக்குள் நுழைந்த காற்றுக்கு மட்டுமே பொருந்தும். கவனிக்க வேண்டியது சிஏடிஆர், அதாவது ஒரு மணி நேரத்தில் கருவி வெளியிடும் தூய காற்றின் அளவு. 40 கன மீட்டர் கொள்ளளவுள்ள அறையின் காற்று மணிக்கு ஐந்து முறை சுத்தமாக வேண்டுமென்றால் 200 கன மீட்டர் தேவை. அந்த எண்ணோ விசிறி முழு வேகத்தில் சுழலும்போது அளக்கப்படுவது. அந்த இரைச்சலில் யாராலும் தூங்க முடியாது. ஆகவே, தேவைக்குச் சற்றுப் பெரிய கருவியை வாங்கி நடுத்தர வேகத்தில் இரவு முழுவதும் ஓடவிடுவதே சிறந்தது.

தானியங்கி முறையை நான் பயன்படுத்துவதில்லை. உணரி கருவியிலேயே இருப்பதால், தன்னைச் சுற்றியுள்ள காற்று சுத்தமானதும் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. கட்டிலருகே வைத்த தனி அளவுமானியில் பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத நுண்துகள்களின் அளவு, அப்போதும் இறங்கியிருப்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த வரம்பு, 24 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். கதவிடுக்குகளை அடைத்த பிறகே எங்கள் அறை அதை நெருங்கியது.

பராமரிப்பு எளிது. முன்வலையில் சாம்பல் நிறத்தில் படியும் தூசியை அவ்வப்போது நீக்கினால் போதும். உள்ளிருக்கும் ஹெப்பாவை மட்டும் தண்ணீரில் அலசவே கூடாது. வெள்ளையாக வந்த அதன் மடிப்புகள் ஒரே பருவத்தில் கறுத்துப்போவதைப் பார்க்கும்போது, இத்தனையும் நுரையீரலுக்குள் போயிருக்குமே என்று மனம் பதறுகிறது.

கருவியால் ஆகாதவையும் உண்டு. மூடிய அறையில் நம் மூச்சால் பெருகும் கார்பன் டை ஆக்சைடை அது நீக்காது. ஜன்னலைத் திறந்தே ஆக வேண்டும். குளிர்கால இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதன் மேல் வெப்பமான அடுக்கு மூடிபோல் நின்றுவிடுவதால், வாகனப் புகையும் எரிப்புப் புகையும் மேலெழ வழியின்றித் தாழவே தேங்குகின்றன. வெயில் ஏறித் தரை சூடான பிறகே அந்த அடுக்கு கலைகிறது. எனவே காலைக்காற்று நல்லது என்ற பழக்கத்தை இந்த மாதங்களில் விட்டுவிட்டு, பிற்பகலில் சிறிது நேரம் ஜன்னலைத் திறக்கிறோம். அம்மாவின் நடைப்பயிற்சியும் அந்த நேரத்துக்கு மாறிவிட்டது. அப்போதும் முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் என்95 முகக்கவசம் இல்லாமல் அவரை வெளியே அனுப்புவதில்லை.