வினிகர் சோதனையா, எச்பிவி சோதனையா?

கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க நீர்த்த அசிட்டிக் அமிலம் ஒரு வழி. நம் சமையலறை வினிகரின் நெருங்கிய உறவுதான். பஞ்சில் நனைத்துக் கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால், கோளாறான இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியர் போதும். முடிவும் அங்கேயே கிடைத்துவிடும். திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில் இதனால் மரணங்கள் 35 சதவீதம் குறைந்தன. ஆனால் எல்லாம் பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது.

வசதியிருந்தால் நான் எச்பிவி சோதனையையே சொல்வேன். அது இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி என்ற வைரஸின் மரபணுவையே தேடுகிறது. மாதிரியைப் பெண்ணே எடுத்துக் கொடுக்கலாம். கூச்சத்தால் மருத்துவமனைப் பக்கமே வராதவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! 30 வயது முதல் 5–10 ஆண்டுக்கு ஒருமுறை போதும். செலவு கூடுதல், ஆய்வகமும் வேண்டும். தொற்று தெரிந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் அது தானாகவே மறைந்துவிடும்.