ஓபன்டபிள்யூஆர்டி 19.07-ல இருந்து 24.10 வரைக்கும்: அப்டேட் பண்ணா எது மாறுது, எது சத்தமில்லாம காணாம போகுது

எங்க வீட்டு ரௌட்டர் பழசுதான். மீடியாடெக் எம்டி7621 சிப்பு, ரெண்டு கோர், கம்பெனிக்காரன் குடுத்த சாஃப்ட்வேருக்கு அப்டேட் வர்றது எப்பவோ நின்னு போச்சு. அதுல ரௌட்டருக்கான இலவச சாஃப்ட்வேரான ஓபன்டபிள்யூஆர்டி 19.07 போட்டது 2020-ல, இங்க மலேசியாவுல எம்சிஓங்கிற கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு இருந்த நேரத்துல. பிள்ளைங்க எல்லாம் ஒரே நேரத்துல ஆன்லைன் கிளாஸ்ல உக்காந்திருக்கும்போது ஒருத்தன் வீடியோ அப்லோட் பண்ணா போதும், மத்தவங்களோட டீச்சர் அப்படியே உறைஞ்சு நிப்பாங்க, எஸ்க்யூஎம் (ஒருத்தரே லைனை முழுங்கிடாம வரிசைப்படுத்துற பேக்கேஜ்) போட்டா இது அடங்கும்னு படிச்சுட்டுதான் இறங்குனேன், அடங்கவும் செஞ்சது. அதுக்கப்புறம் அக்கா வீடு, அத்தை வீடு, கோயில் ஆபிஸ்னு சுங்கை சிப்புட் பக்கம் நம்ம ஆளுங்க கேட்ட இடத்துல எல்லாம் இதையே பாசாங் பண்ணி (மாட்டிக் குடுத்து) விட்டேன், அப்டேட் வேலையும் அப்படியே என் தலையில.

இத்தனை வருஷத்துல நான் பாத்த வரைக்கும் அப்டேட்டால சாஃப்ட்வேர் கெட்டுப்போறது ரொம்ப அபூர்வம். வில்லங்கம் எல்லாம் அந்த ‘செட்டிங்ஸை வச்சுக்கோ’ங்கிற டிக்ல இருந்துதான் வருது. சாஃப்ட்வேர் புதுசு, உள்ள இருக்கிற கான்ஃபிக் பழசு, ரெண்டும் ஒரே மாதிரி நடந்துக்கும்னு நம்பக் கூடாது.

பெரிய அடி 21.02-லதான், 2021 செப்டம்பர்ல வந்தது. எம்டி7621 மாதிரி சில சிப்புங்களுக்கு சுவிட்ச் போர்ட்டை நடத்துற முறையையே மாத்திட்டாங்க, பழைய எஸ்டபிள்யூகான்ஃபிக் போயி டிஎஸ்ஏ வந்துச்சு. நம்ம ஊர்ல இது எங்க கடிக்கும்னா வீலான்ல, அதாவது ஒரே கேபிள்ல வர்றதை நம்பர் (டேக்) போட்டுப் பிரிக்கிற இடத்துல. யுனிஃபை ஃபைபர் எடுத்தவங்களுக்குத் தெரியும், இன்டர்நெட் வீலான் 500-ல வரும், டிவி 600-ல வரும். 19.07-ல சுவிட்ச் பக்கத்துக்குப் போயி வீலான் 500 உண்டாக்கி, போர்ட் 4-க்கு டேக், சிபியு போர்ட் 6-க்கு டேக் போட்டு, அப்புறம் பிபிபிஓஇ-யை (லைன் கம்பெனி குடுக்கிற லாகினை) ஈத்0.500-ல கட்டணும், இதுல ஒரு இடத்துல டேக் விட்டுப்போனாலும் லைன் ஏறாது. 21.02-ல அந்த சுவிட்ச் பக்கமே கிடையாது. ஒவ்வொரு போர்ட்டுக்கும் லேன்1, லேன்2, வேன் (வெளி லைன் வர்ற போர்ட்) அப்படின்னு தனித்தனி பேரு, டிவைஸ்ல வேன்.500-னு எழுதுனா கதை முடிஞ்சது. உண்மையா சொன்னா இது எவ்வளவோ மேல், போர்ட் நம்பரை மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல, யாருக்காச்சும் ஃபோன்ல சொல்லிக் குடுக்கிறதுகூட இப்ப முடியுது. ஆனா பழைய கான்ஃபிக்கை புதுசுக்கு மாத்திக் குடுக்கிற வழி இல்ல, எஸ்டபிள்யூகான்ஃபிக்ல இருந்து டிஎஸ்ஏ-வுக்குக் கொண்டுபோக முடியாதுன்னு அப்டேட்டை ஏத்துற சிஸ்அப்கிரேட் கமாண்டே சொல்லி நிறுத்திடும், கான்ஃபிக் இல்லாமதான் ஏத்தணும். இப்படி நிறுத்துறது நல்லதுதான், வலுக்கட்டாயமா ஏத்துனா போர்ட் எல்லாம் தாறுமாறாப் போயி ரௌட்டருக்குள்ளயே நுழைய முடியாம போகலாம்.

கான்ஃபிக் இல்லாம ஏத்துனா வைஃபை ஆஃப்லதான் இருக்கும். அதனால இந்த வேலைக்கு லேன் கேபிளும் கேபிள் போடற ஓட்டை உள்ள லேப்டாப்பும் கட்டாயம் வேணும், ஃபோன வச்சுக்கிட்டு போகாதீங்க. வேலையையும் காலையிலயே முடிச்சுடுங்க, மத்தியானத்துக்கு மேல இடி மழை புடிச்சுக்கிட்டா நம்ம பக்கம் கரண்ட் எப்ப போகும்னு சொல்ல முடியாது, ஃபிளாஷ் எழுதிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போனா ரௌட்டர் எழும்பாமலே கிடக்கலாம்.

எல்லா ரௌட்டருக்கும் இதே வெர்ஷன்லதான் டிஎஸ்ஏ வந்துச்சுன்னு இல்ல. ஐபிக்யூ40எக்ஸ்எக்ஸ் சிப்பு வச்சவங்களுக்கு இது 23.05-லதான் வந்துச்சு. அதனால இன்னொருத்தர் 21.02-க்கு எழுதுன குறிப்பை அப்படியே போடாம நம்ம சிப்பு எதுன்னு முதல்ல பாத்துக்கங்க.

22.03-ல ஃபயர்வால் மாறிச்சு. பழைய ஐபிடேபிள்ஸ் மேல ஓடுன ஃபயர்வால்3 போயி, என்எஃப்டேபிள்ஸ் மேல ஓடற ஃபயர்வால்4 வந்துச்சு. லூசிங்கிற பிரௌசர் செட்டிங்ஸ் பக்கத்துல போட்ட ரூல்ஸ், போர்ட் ஃபார்வர்ட் எல்லாம் அப்படியே வேலை செஞ்சது, அந்தப் பக்கம் வித்தியாசமே தெரியல. ஆனா ஃபயர்வால்.யூசர் ஃபைல்ல கையால எழுதுன ஐபிடேபிள்ஸ் வரிங்க இருக்கில்ல, அதை எல்லாம் இது எடுத்துக்காது, ஃபைல் பாட்டுக்கு அங்கயே இருக்கும், ஓடாது. எதையாச்சும் பிளாக் பண்றதுக்காக எழுதுன வரியா இருந்தா இப்ப அது பிளாக் ஆகல, நெட்டு ஜோரா ஓடறதால யாருக்கும் சந்தேகமும் வராது. அத்தை வீட்டு கேமராவை வெளி நெட்டுக்குப் போகவிடாம தடுக்க அப்படித்தான் ஒரு வரி இருந்துச்சு. அப்டேட்டுக்கு முன்னாடியே அதை லூசியில டிராஃபிக் ரூலா மாத்திப் போட்டதால இன்னிக்கு வரைக்கும் நிக்குது. உங்க ஃபைல்ல என்ன இருக்குன்னு ஒரு தடவ திறந்து பாருங்க, தயவு செஞ்சு.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமாப் படற விஷயத்துக்கு வரேன். சிஸ்அப்கிரேட் பண்ணும்போது கான்ஃபிக் ஃபைல் தங்கும், நாம கூடுதலா போட்ட பேக்கேஜ் தங்காது. எல்லா வெர்ஷன்லயும் இப்படித்தான், புது பழக்கம் இல்ல, ஆனா முக்கால்வாசி பேருக்கு இது தெரியாது. எஸ்க்யூஎம் கான்ஃபிக் ஃபைல் உள்ளயே இருக்கும், எஸ்க்யூஎம் இருக்காது. ஸ்பீட் டெஸ்ட் பண்ணா முன்னைவிட கூடவே காட்டும், எல்லாருக்கும் சந்தோஷம். சாயங்காலம் அக்கா மகன் வந்து “மாமா, கேம்ல பிங் எகிறுது, லைன்காரனுக்கு ஃபோன் போடுங்க”ன்னு நிப்பான். லைன்காரன் என்ன பண்ணுவாரு பாவம்.

இதைவிட மோசமான கேசும் உண்டு. டிஎன்எஸ்-ஸை (வெப்சைட் பேரை நம்பர் அட்ரஸா மாத்துற வேலையை) ஸ்டப்பி மாதிரி தனி பேக்கேஜுக்குத் திருப்பி விட்டிருந்தா, அப்டேட்டுக்குப் பிறகு ரௌட்டர்ல அந்த வேலையைப் பாக்கிற டிஎன்எஸ்மாஸ்க் 5453 போர்ட்டுல இல்லாத ஸ்டப்பியைத் தேடிக்கிட்டு இருக்கும். 8.8.8.8 மாதிரி நம்பருக்கு பிங் போகும், பேரு போட்டா எதுவுமே திறக்காது. ஸ்டப்பியைத் திரும்ப இறக்கலாம்னா அதுக்கும் டிஎன்எஸ் வேணும். இதுக்கு ஒரே வழி, அப்டேட் பண்றதுக்கு முன்னாடி டிஎன்எஸ்-ஸை சாதாரணத்துக்கு மாத்திட்டு நெட்டு ஓடுதான்னு பாத்துட்டு அப்புறம் ஏத்தறது. பேக்கேஜ் லிஸ்ட்டை ஒரு ஃபைல்ல எழுதி லேப்டாப்புல வச்சுக்கறதும் நல்லது. இப்ப அட்டெண்டட் சிஸ்அப்கிரேட்னு ஒண்ணு இருக்கு, நம்ம பேக்கேஜை எல்லாம் சேத்தே இமேஜ் கட்டிக் குடுக்கும், வீட்டு ரௌட்டர்ல இப்ப அதுலதான் ஏத்தறேன், ரொம்ப நிம்மதி.

வைஃபைல டபிள்யூபிஏ3-ங்கிற புது பாதுகாப்பு முறை 21.02-ல இருந்து கூடவே வருது. டபிள்யூபிஏ3 மட்டும்னு போட்டா பழைய ஃபோனு, பிரிண்டர் எதுவும் ஒட்டாது, கலந்த மோட்லகூட சிலது அடம் புடிக்கும், கோயில் ஆபிஸ் பிரிண்டர் அந்த ரகம். அதுக்குன்னு பழைய டபிள்யூபிஏ2-ல தனியா ஒரு வைஃபை பேரு போட்டு விட்டேன், அதோட சரி.

23.05-ல வீட்டுல யாருக்கும் எதுவும் தெரியல. உள்ள டிஎல்எஸ் (பாதுகாப்பான இணைப்புக்கான) லைப்ரரி ஓல்ஃப்எஸ்எஸ்எல்-ல இருந்து எம்பெட்டிஎல்எஸ்-க்கு மாறிச்சு, அவ்வளவுதான்.

24.10 வந்தது 2025 பிப்ரவரி, கெர்னல் 6.6. எங்க 100 எம்பிபிஎஸ் லைனுக்கு எஸ்க்யூஎம்-ல கேக்ங்கிற வரிசை முறையைப் போட்டு 90-ல வச்சிருக்கேன், இந்தச் சிப்பு தாங்குது. இதைவிட பெரிய பிளான் எடுக்கிறவங்க யோசிச்சுக்கங்க, ஹார்ட்வேர் ஆஃப்லோடு (டிராஃபிக் வேலையை சிப்போட தனிப் பகுதிக்கு விடறது) ஆன் பண்ணாதான் முழு ஸ்பீடு வரும், அதை ஆன் பண்ணா எஸ்க்யூஎம் வேலை செய்யாது, ரெண்டுல ஒண்ணுதான். பிள்ளைங்க படிக்கிற வீடா இருந்தா நான் எஸ்க்யூஎம் பக்கம்தான் நிப்பேன், ஸ்பீட் டெஸ்ட்ல வர்ற நம்பரை வச்சு கிளாஸ் நடக்காது.

கோயில் ஆபிஸ் ரௌட்டர்தான் இப்ப கவலை. ஃபிளாஷ் 8 எம்பி, ராம் 64 எம்பி, 21.02-ல இருந்து அதுதான் குறைஞ்ச அளவே, ஒவ்வொரு வெர்ஷனுக்கும் கூடுதலா ஒரு பேக்கேஜ் போட இடம் சுருங்கிக்கிட்டே வருது. அண்ணன்கிட்ட சொல்லியிருக்கேன், திருவிழா செலவெல்லாம் முடிஞ்சதும் 128 எம்பி ஃபிளாஷ் உள்ளது ஒண்ணு வாங்கிடலாம்னாரு. 24.10-ல பேக்கேஜுக்கு இன்னும் ஓபிகேஜி கமாண்டுதான், டெவலப்மெண்ட் ஸ்னாப்ஷாட்ல 2024 கடைசியிலயே ஏபிகே-வுக்கு மாறிட்டாங்க, அதனால என்னை மாதிரி ஓபிகேஜி-யை வச்சு ஸ்கிரிப்ட் எழுதி வச்சிருக்கிறவங்க ஏபிகே உள்ள வெர்ஷனுக்கு ஏறறதுக்கு முன்னாடி அதை மாத்தி எழுதி வச்சுக்கங்க.